என் அளவுக்கு வெட்டிய சுவர்

நான் ஏறிப் பழக வேண்டிய முதல் சுவரில் என் முகம் தெரிந்தது. காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. சுண்ணாம்பை நைய அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்தால் சுவர் அப்படித்தான் மின்னும். ஆனால் இது வீட்டுச் சுவர் இல்லை. கையாலும் காலாலும் பற்றி ஏறுவதற்கென்றே சொல்லிச் செய்யவைத்த சுவர். பொங்கல் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து வந்து அதன் முன்னால் நின்றபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. அது எனக்குப் பிறவியிலேயே உள்ள குணம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் காரைக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியின் விடுதியில் தங்கிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வடக்கே பனிமலையில் ஒரு மாதம் மலையேற்றப் பயிற்சி தருகிறார்கள், தென் மாவட்டங்களிலிருந்து இரண்டு பெண்களை எடுப்பார்கள், கல்லூரிக்கு ஒருத்தியை அனுப்பலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. தேர்வு மதுரையில். அங்கே அதற்கென்றே கல்லும் சிமென்டும் வைத்து நாற்பதடிக்கு ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்களாம். அதில் ஏறிக் காட்ட வேண்டும்.

எங்கள் உடற்பயிற்சி டீச்சர் வகுப்பில் அதைப் படித்து முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்குச் சொந்த ஊர் சிங்கம்புணரி. வயலில் நின்று நிமிர்ந்தால் பிரான்மலை தெரியும். என் அண்ணன்மார் இரண்டு பேரும் பத்து வயதிலேயே உச்சிவரை போய்விட்டு வந்து பீற்றிக்கொண்டார்கள். என்னை அடிவாரத்துக் கோயிலோடு நிறுத்தித் திருநீறு பூசிக் கூட்டி வந்துவிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் கேட்டேன், ஒவ்வொரு வருஷமும் திருநீறுதான் கிடைத்தது. இப்போது அரசாங்கமே ரயிலேற்றிக் கூட்டிப்போய் மலை ஏறச் சொல்கிறது என்றால் விடுவேனா?

அப்பாவுக்கு எழுதினேன். நீல உள்நாட்டுக் கடிதத்தில் நாலே வரி பதில் வந்தது. தேர்வானால் போ. ஆகாவிட்டால் பரீட்சையை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து சேர். அதன்பிறகு மலை என்ற பேச்சே வரக்கூடாது. நான் அந்தக் கடிதத்தை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். முதல் வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பழக இடம் வேண்டுமே. குன்றக்குடி மலை பக்கத்தில் இருக்கிறது, பிள்ளையார்பட்டிப் பாறை இருக்கிறது என்றேன். முதல்வரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிள்ளையார் தலைக்கு மேலே வயசுப்பெண் கயிறு கட்டி ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். எது செய்தாலும் மதில் சுவருக்கு உள்ளே என்று முடித்துவிட்டார். விடுதிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கி ஒரு செங்கல் கட்டடம் இருபத்தைந்தடிக்கு நின்றது. அதன் மேற்குப் பக்கம் பூசாமல் கிடந்தது. அதிலே அங்கங்கே கல் பதித்தால் மதுரைச் சுவர் மாதிரியே ஆகிவிடும் என்பது டீச்சரின் யோசனை.

அப்போது விடுதியில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தவர் நேமத்தான்பட்டிக் கொத்தனார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பேச்சு குறைவு. எதைச் சொன்னாலும் சுவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வார், நம் முகத்தைப் பார்க்க மாட்டார். டீச்சர் ஒரு சிறு புத்தகத்திலிருந்த படத்தைக் காட்டி, கல் இப்படித் துருத்திக்கொண்டிருக்க வேண்டும், கையால் பிடித்து, காலால் மிதித்து ஏற வேண்டும் என்று விளக்கினார். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். கையில் சிராய்ப்பு ஆகாதா என்று மட்டும் கேட்டார். ஆகும், பரவாயில்லை என்று டீச்சர் சொன்னது அவர் மனதில் ஏறவே இல்லை போலிருக்கிறது.

விடுமுறைக்கு நாங்கள் போயிருந்த நேரத்தில் கல்லெல்லாம் பதித்துவிட்டார். பதித்ததோடு விட்டிருக்கலாம். தலைமுறை தலைமுறையாகச் சுவரைக் கண்ணாடியாக்கிப் பழகிய கை அது. கல்லையும் சுவரையும் சேர்த்து ஒரே பூச்சாகப் பூசி, தேய்த்து, மினுக்கியதில் கல்லெல்லாம் வெண்ணெய் உருண்டை மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒரு கல்லில் கையை வைத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. காலை வைத்தேன். அதுவும் வந்தது.

"மூஞ்சி தெரியுதுண்ணே" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் முகமெல்லாம் மலர்ந்துபோனது. பாராட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். "பொம்பளப் புள்ளைக கை படுற சுவராச்சே தாயி. கரடா விட்டா கை கிழிஞ்சிரும்ல" என்றார்.

பின்னால் நின்ற தோழிகள் சிரிப்பை அடக்க முடியாமல் துணி துவைக்கும் கல்பக்கம் ஓடிவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. இதில் தலை சீவலாம், பொட்டு வைக்கலாம், ஏற முடியாது, எனக்கு இன்னும் அஞ்சு வாரந்தான் இருக்கிறது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தக் கை வேலையை ஊரே வியந்து பார்த்திருக்கும். முதன்முதலாக ஒருத்தி அவரை நிற்கவைத்துத் திட்டினாள் என்றால் அது நானாகத்தான் இருப்பேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் காலையில் உளிச் சத்தம் கேட்டு எழுந்தோம். தான் பூசியதைத் தானே கொத்திக்கொண்டிருந்தார். கோபமோ வருத்தமோ முகத்தில் தெரியவில்லை. டீச்சரிடம், ஏறப்போவது யார், ஒரு ஆளா பல ஆளா என்று கேட்டார். ஒருத்திதான் என்று என்னைக் காட்டினார் டீச்சர். அப்படியானால் அந்தப் பெண்ணின் அளவு வேண்டும் என்றார்.

எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். வீடு கட்டினால் அந்த வீட்டுக்காரர் காலடியை வைத்துத்தான் கொத்தனார்கள் அளவுகோலையே நறுக்குவார்களாம். இன்னாருக்கு என்று அளவு இல்லாமல் கட்டினால் அது கட்டடமே இல்லையாம். முந்தைய தடவை அளவெடுக்காமல் தொடங்கியதுதான் தவறாகப் போய்விட்டது என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். டீச்சர் ஒரு நூலை எடுத்து என் முழங்கால் உயரம், கையை உயர்த்தினால் எட்டும் உயரம், இரண்டு கையையும் விரித்த அகலம் எல்லாம் அளந்து கொடுத்தார். கொத்தனார் தள்ளி நின்று, நூலை வாங்கி, ஒரு மூங்கில் பட்டையில் அளவுகளைக் கீறிக்கொண்டார். நாலு நாளில் சுவர் தயார். கரடுமுரடான கல், கையை உள்ளே விட்டுப் பிடிக்க வெட்டிய குழி, எல்லாம் என் கைக்கும் காலுக்கும் அளந்த இடத்தில்.

என்றாலும் உடனே ஏறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அண்ணனுடைய பழைய கால்சட்டையை இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் நாள் ஏறினேன். மேலே தொட்டிக் குழாயில் சுற்றி வந்த கிணற்றுக் கயிறு என் இடுப்பில். மறுமுனையை டீச்சரும் இரண்டு தோழிகளும் பிடித்திருந்தார்கள். எட்டடி ஏறியதும் முழங்கைக்குக் கீழே எல்லாம் மரத்துப்போய், தொடை தையல் மெஷின் மாதிரி ஆடத் தொடங்கியது. கீழே பார்த்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. இறக்குங்கள், இறக்குங்கள் என்று கத்தினேன். இறங்கியதும் பிடிப்பு சரியில்லை என்று சுவரின் மேல் பழியைப் போட்டேன்.

ஒரு வாரம் இப்படித்தான் போனது. கையால் என்னை இழுத்து ஏற்றப் பார்க்கிறேன், காலை வெறுமனே தொங்கவிடுகிறேன் என்று ஒருநாள் நடுச்சுவரில் நிற்கும்போது எனக்கே பட்டது. கால்விரலில் முழு எடையையும் வைத்துப் பார்த்தேன். கை லேசானது. மூச்சு வந்தது. அப்படியே நின்று சுற்றிலும் பார்த்தேன். விடுதிச் சமையல்கட்டின் புகைக்கூண்டு என் தோளுக்கு நேராக இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது.

பிறகு வேகம் வந்துவிட்டது. மூன்றாவது வாரம் உச்சியைத் தொட்டேன். ஐந்தாவது வாரம் ஒரு நிமிஷத்துக்குள் தொட்டேன். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துக் கைதட்டினார். தையற்காரர் கச்சிதமாகத் தைத்த ரவிக்கை எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்தச் சுவர் எனக்கு. கையை நீட்டினால் குழி காத்திருக்கும். காலைத் தூக்கினால் கல் வந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு ஏறு என்று தோழிகள் பந்தயம் கட்டினார்கள். ஏறினேன். ஓட்டின் மேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் அதைப் பார்த்தார். அன்று மாலை போகும்போது சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மதுரைச் சுவர் பழுப்பு நிறத்தில், முரட்டுத்தனமாக நின்றது. எங்களதை விட உயரம். யாரோ வண்டியிலிருந்து கல்லை வாரி இறைத்தது போலப் பிடிகள் இருந்தன. பதினைந்து பதினாறு பெண்கள் வந்திருந்தார்கள். என் முறை வந்ததும் விசில் சத்தம் கேட்டு விறுவிறுவென்று ஏறினேன். முதல் பத்தடி வந்ததே தெரியவில்லை. அதற்கு மேல் என் வலது கை என்னைக் கேட்காமலே மேலே போனது. எங்கள் சுவரில் அந்த இடத்தில் ஒரு குழி உண்டு. இங்கே இல்லை. விரல்கள் வெறும் சிமென்டைப் பிராண்டின. இடது காலும் பழக்கத்தில் கிளம்பிவிட்டிருந்தது. அதற்கும் இடமில்லை. கயிறு இறுகி, நான் அந்தரத்தில் ஊசலாடினேன்.

எல்லோரும் ஏறி முடித்ததும் இன்னொரு வாய்ப்புத் தந்தார்கள். இந்தத் தடவை ஒவ்வொரு பிடியையும் கண்ணால் தேடி, யோசித்து, நடுங்கி நடுங்கி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அவர்கள் வைத்த நேரம் தாண்டிவிட்டது. இரண்டு பெயர்களை வாசித்தார்கள். இரண்டிலும் நான் இல்லை. தேர்வு நடத்திய அதிகாரி என்னைக் கூப்பிட்டு, இதுவரை எத்தனை சுவர் ஏறியிருக்கிறாய் என்று கேட்டார். ஒன்று என்றேன். "தெரிகிறது. மனப்பாடம் பண்ணி ஏறுகிறாய்" என்றார். நல்ல மனிதர்தான், இரக்கமாகத்தான் சொன்னார். கன்னத்தில் அறைந்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் டீச்சர் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தேன். மேலூர் தாண்டும்வரை அழுகை. திருப்பத்தூர் வந்தபோது அழுகை காய்ந்து கோபமாகியிருந்தது. யார்மேல் கோபப்படுவது? கொத்தனார் அகப்பட்டார். அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன்.

விடுதி வாசலில் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அன்றைக்கு அவருக்கு எங்கள் விடுதியில் வேலை கிடையாது. மத்தியானத்திலிருந்தே நிற்கிறார் என்று காவல்காரர் சொன்னார். என்னைக் கண்டதும் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"எட்டுச்சா தாயி?"

"எட்டல" என்றேன். "ஒங்க அளவு அங்க செல்லல. ஒங்க சுவரு என்னயக் கெடுத்துருச்சு."

அடுக்கி வைத்திருந்ததில் இதுதான் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோனது. டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு அவரிடம், மதுரையில் பிடிகள் தாறுமாறாக இருந்ததையும், இவள் கை பழைய இடத்தையே தேடியதையும் பொறுமையாகச் சொன்னார். அவர் முழுவதையும் கேட்டார். தலையை ஆட்டினார். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் எழுந்து பின்பக்கம் போனபோது அவர் அங்கே இருந்தார். பழைய குழிகளில் பாதியைச் சுண்ணாம்புக் காரை வைத்து அடைத்திருந்தார். அடைத்த இடங்களுக்கு நடுவே புதிதாக ஏழெட்டுக் குழி வெட்டியிருந்தார். தாறுமாறாக வெட்டத்தான் முயன்றிருக்கிறார். ஆனால் பார்த்தவுடனே தெரிந்தது, புதுக் குழிகளும் கோலப்புள்ளி மாதிரி வரிசையாகத்தான் விழுந்திருந்தன.

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அளவில்லாம வெட்ட எனக்கு வர மாட்டேங்குது தாயி. எங்க வைக்கணும்னு கை தானா நெனைச்சுக்கிருது. எப்படி வெட்டணும்னு நீங்கதான் சொல்லணும்."

என் கோபம் அப்போதும் தீரவில்லை. ஆனால் அது அவரைவிட்டுப் போய்விட்டது. அவருடைய கைக்கும் என் கைக்கும் ஒரே வியாதி. நன்றாகப் பழகியதுதான் எங்கள் இரண்டு பேருடைய குற்றமும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேர்வு போய்விட்டது, அடுத்த வருஷம் நான் இந்தக் கல்லூரியில் இல்லை, இனி இந்தச் சுவரை எப்படி வெட்டினால் எனக்கென்ன? பக்கத்தில் ஓட்டுக்குக் குழைத்த களிமண் குவிந்து கிடந்தது. ஒரு கை அள்ளி உருட்டி, ஆத்திரம் தீரச் சுவரின் மேல் எறிந்தேன். அது பன்னிரண்டடி உயரத்தில் ஓர் ஓரமாக, பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

கொத்தனார் அதையே பார்த்தார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த இடத்தில் சாத்தினார். மண்ணை வழித்துவிட்டு, அது ஒட்டியிருந்த இடத்தில் கரித்துண்டால் வட்டம் போட்டார்.

"இன்னொன்னு எறிங்க" என்றார்.

எறிந்தேன். மதுரைக்கு ஒன்று, மனப்பாடத்துக்கு ஒன்று, அப்பாவின் நாலு வரிக்கு நாலு, அண்ணன்மாருக்கு ஆளுக்கு ஒன்று. சத்தம் கேட்டுத் தோழிகள் வந்தார்கள். அவர்களும் எறிந்தார்கள். டீச்சரும் புடவையைச் செருகிக்கொண்டு இரண்டு எறிந்தார். கண்ணை மூடி எறிந்தோம், முதுகைத் திருப்பி நின்று எறிந்தோம். எங்கே விழுந்ததோ அங்கே வட்டம் போட்டார். இது நல்லா இல்லையே, இதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்று ஓரிரு தடவை அவர் கை தயங்கியதைப் பார்த்தேன். தள்ளவில்லை. ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் வந்து, மிச்சமிருந்த பழைய கல்லைப் பெயர்த்து, குழியை அடைத்து, அத்தனை வட்டத்தையும் வெட்டி முடித்தார். எந்தக் குழியும் யாருடைய அளவிலும் இல்லை.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. பயன் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் நான் தினம் ஏறினேன். தினம் எங்காவது மாட்டிக்கொண்டேன். கை நீட்டினால் எட்டாது, கால் வைத்தால் நிற்காது. நின்று, பார்த்து, யோசித்து, சில நேரம் இறங்கி வந்து வேறு வழியில் ஏற வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் முதலாம் ஆண்டுப் பெண்களும் ஒவ்வொருத்தியாகக் கயிறு கட்டத் தொடங்கினார்கள்.

கடைசிப் பரீட்சை எழுதிய அன்று ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுச் சுவருக்குப் போனேன். கொத்தனாரும் வந்திருந்தார். அன்றைக்குக் கயிற்றைப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். முக்கால் மணி நேரம் ஆனது. உச்சியில் தொட்டி விளிம்பைப் பிடித்தபோது விரல் நுனியெல்லாம் ரத்தம்.

"எட்டுச்சா தாயி?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"எட்டிருச்சுண்ணே."

இறங்கியதும் அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேன், கை கிழிஞ்சிரும்னு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் நான் கேட்ட மன்னிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

அப்பா சொன்னபடி வீட்டுக்குப் போனேன். மலை என்ற பேச்சை எடுக்கவில்லை. பனிமலையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பிரான்மலை உச்சிக்கும் போகவில்லை, பிற்பாடு தடுக்க ஆளில்லாத காலத்திலும் கூட.

அடுத்த வருஷம் டீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. விதி மாறி, கல்லூரிக்கு இரண்டு பேரை அனுப்பலாம் என்றார்களாம். எங்கள் கல்லூரியிலிருந்து போன இரண்டு பெண்களும் தேர்வாகி வடக்கே ரயிலேறிவிட்டார்களாம். படித்ததும் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் முதலில் வந்தது பொறாமை. கடிதத்தைக் கசக்கிக்கூடப் போட்டேன். சந்தோஷம் வர மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. வயல் வரப்பில் உட்கார்ந்து கசங்கிய தாளை நீவி மறுபடி படித்தேன். ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி என்னை விடக் குட்டை என்று எழுதியிருந்தார் டீச்சர். இரண்டு பேரும் பழகி ஏறியது நான் கோபத்தில் எறிந்த மண்ணுருண்டைகள் விழுந்த இடங்களில்தான்.